போர்ட் லூயிஸ் சிட்டாடெல்: தீவைப் பிடித்து 24 ஆண்டுகள் கழித்து எதற்காக ஒரு மலைக்கோட்டை?

கேட்டவர்: காவிரிக்கரை

மொரீஷியஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, போர்ட் லூயிஸ் நகரின் நடுவே ஒரு குன்றின் மேல் உள்ள அடிலெய்டு கோட்டைக்கு அத்தான் அழைத்துப் போனார். ஊரில் எல்லோரும் அதை சிட்டாடெல் என்கிறார்கள். கருத்த எரிமலைக் கல்லில் எழுப்பிய சுவர். கல்லெல்லாம் துளைத்துளையாக இருக்க, அக்கா மகன் அந்தத் துளைகளில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். மேல்தளத்தில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் ஷாம்ப் த மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல்.

கட்டத் தொடங்கியது 1834, முடித்தது 1840 என்றார் அத்தான். ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்ததோ 1810இல். 1834இல் நெப்போலியன்கூட உயிரோடு இல்லை. கப்பலைச் சுடுவதற்குக் கரையோரத்தில் பீரங்கி மேடைகளும் இருந்தன. பிறகு யாருக்கு அஞ்சி இவ்வளவு செலவு செய்து மலை உச்சியில் கோட்டை கட்டினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நங்கூரம்

தங்கையே, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். போர்ட் லூயிஸில் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த நாட்களில் மதிய இடைவேளையில் அந்தக் குன்றில் ஏறுவது என் வழக்கம். மேலே வரும் பயணிகள் துறைமுகத்தைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தக் கோட்டையின் கதை துறைமுகத்தைவிட ஊரைப் பற்றியதுதான்.

1810 டிசம்பரில் தீவு சரணடைந்தபோது, பிரெஞ்சுக் குடியேறிகளின் சட்டம், சமயம், வழக்கங்கள் எதிலும் கை வைப்பதில்லை என்று ஆங்கிலேயர் உடன்பட்டார்கள். கொடி மாறியது, கரும்புத் தோட்டமும் அடிமைகளும் பழைய முதலாளிகளிடமே இருந்தன. லண்டனில் அடிமைமுறை ஒழிப்பு வலுப்பெற்றபோதுதான் சிக்கல் வந்தது. 1832இல் ஜான் ஜெரமி என்ற ஒழிப்பு ஆதரவாளரை அரசின் தலைமை வழக்கறிஞராக அனுப்பினார்கள். அவர் வந்து இறங்கியதும் முதலாளிகள் கடைகளை அடைத்தார்கள், ஊரே முடங்கியது. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அத்ரியன் தெப்பினே என்ற வழக்கறிஞர். அதே ஆண்டு 'ல செர்னேயன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். கடைசியில் ஆளுநர் கால்வில், ஜெரமியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பேரரசின் அதிகாரி ஒருவரை ஊர் முதலாளிகள் கப்பலேற்றிவிட்டார்கள்! மறு ஆண்டு புதிய ஆளுநர் வில்லியம் நிக்கோலே பொறுப்பேற்ற பிறகு, ஜெரமி படையோடு திரும்பி வந்தார்.

கோட்டை வேலை தொடங்கிய பின்னணி இதுதான். அடிமைகள் விடுதலையாகும் நாள் 1835 பிப்ரவரி 1. அதை எதிர்த்து முதலாளிகள் ஆயுதம் எடுத்தால் ஊரை மேலிருந்து அடக்க ஓரிடம் வேண்டும். நான்காம் வில்லியம் மன்னரின் மனைவி அடிலெய்டின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கலகம் வரவில்லை. ஏன் வர வேண்டும்? இழப்பீடாக முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. விடுதலை பெற்ற அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்குக் காசும் இல்லை, காணியும் இல்லை. 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் 1839 வரை பழைய எஜமானர்களிடமே உழைக்க வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடும் முடிந்த பிறகுதான் கோட்டை வேலை முடிந்தது. அது எந்தப் போரையும் பார்க்கவில்லை.

பதில்: உப்பளம்

நங்கூரம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிரான்ஸ் பற்றிய அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. அதே 1830களில் மேற்குக் கரையில் லா ப்ரெனெஸ் போன்ற இடங்களில் மார்ட்டெல்லோ எனப்படும் வட்டமான காவல் கோபுரங்களையும் ஆங்கிலேயர் கட்டினார்கள். அவை கடலைப் பார்த்தவை. 1810இல் அவர்களே போர்ட் லூயிஸை நேராகத் தாக்காமல் வடக்கே கரையிறங்கித் தரைவழியாக வந்து பிடித்தவர்கள். துறைமுக வாயிலில் பீரங்கி வைத்தால் மட்டும் போதாது என்பது அவர்களுக்குத் தெரியாதா?

பதில்: நங்கூரம்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. இரண்டு அச்சங்களும் ஒட்டியே இருந்தன. உள்ளே முதலாளிகள் கிளர்ந்தால் வெளியிலிருந்து பிரெஞ்சுக் கப்பல் உதவிக்கு வரலாம் என்பதுதான் கணக்கு. ஆனாலும், உள்ளூர்க் கலகம் பற்றிய கவலை இல்லாதிருந்தால் நகரின் நடுவே இருக்கும் குன்றைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கேட்டவர்: காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. டிசம்பரில் மறுபடியும் போகிறேன். கோட்டையோடு சேர்த்து எதைப் பார்க்கலாம்?

பதில்: நங்கூரம்

காலையிலேயே மேலே ஏறிவிடுங்கள், டிசம்பர் வெயிலில் அந்தக் கல் தகிக்கும். இறங்கியதும் துறைமுகத்தை ஒட்டிய 'ஆப்பிரவாசி காட்' என்ற பழைய படித்துறைக்குப் போங்கள். கோட்டை வேலை தொடங்கிய அதே 1834இல் 'அட்லஸ்' கப்பலில் 36 ஒப்பந்தக் கூலிகள் கல்கத்தாவிலிருந்து வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து நம் தமிழர் உட்பட லட்சக்கணக்கானோர் வந்திறங்கிய துறை அது. பக்கத்திலேயே பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமைமுறை அருங்காட்சியகம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் லபூர்தொனே ஆளுநராக இருந்தபோது அடிமைகளின் உழைப்பில் எழுந்த கட்டடம். அக்கா மகனையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்.