லெட்வில் 100 மைல், ஒரே கியர்: பின்னால் எத்தனை பல் போடுவது?

சமவெளிக்காரன்:

கொலராடோவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் லெட்வில் டிரெயில் 100 மலைச் சைக்கிள் பந்தயத்துக்குக் குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது. நாலு வருடமாக எழுதிப் போட்டும் விழவில்லையே, இனி எங்கே விழப்போகிறது என்று போன தீபாவளி சமயத்தில்தான் கியர் வண்டியை விற்றுத் தொலைத்தேன். இப்போது வீட்டில் இருப்பது 29 இஞ்ச் சக்கர சிங்கிள்ஸ்பீட், அதாவது ஒரே கியர் வண்டி, ஒன்றுதான். முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 18, சஸ்பென்ஷனும் கிடையாது. நான் இருப்பது ஹூஸ்டனில், இங்கே ஏற்றம் என்றால் மேம்பாலம்தான்.

104 மைல், 12 மணி நேரக் கெடு, ஊரே 10,000 அடிக்கு மேல். படித்ததிலிருந்து ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வண்டியிலேயே போகலாமா? போனால் எத்தனை பல்? வேறு வண்டி வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கும் நிலைமையில் இல்லை.

பழைய செயின்:

போகலாம் தம்பி. நான் 2018இல் 32-20, அதாவது முன்னால் 32, பின்னால் 20 போட்டுப் போனேன், 11 மணி 41 நிமிடம். பெருமையாகச் சொல்லவில்லை, கடைசி ஒரு மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினேன்.

பின்னால் பல் கூடினால் ஏற்றத்தில் மிதி லேசாகும், சமதளத்தில் வேகம் குறையும். எல்லாரும் கொலம்பைன் ஏற்றத்தை நினைத்துப் பல் போடுகிறார்கள், அங்கேதான் தப்பு. ட்வின் லேக்ஸ் தாண்டி சுமார் 8 மைலில் 3,000 அடிக்கு மேல் ஏறி, 12,400 அடிக்குப் பக்கத்தில் போய்த்தான் திரும்ப வேண்டும். கீழ்ப்பாதி நல்ல மண் சாலை, 20 பல்லில் எழுந்து நின்று மிதித்தால் ஓடும். மரங்கள் முடிந்த பிறகு உருளும் கல்லும் செங்குத்தும்தான், அங்கே கியர் வண்டிக்காரர்களே வரிசையாக இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நீயும் தள்ளப்போகிறாய். எப்படியும் நடக்கப்போகிற இடத்துக்காக எதற்குப் பல் போடுவது?

நம்மைக் கொல்வது சமதளம். 32-20இல் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி சுமார் 3.7 மீட்டர் நகரும், நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் மணிக்கு 20 கிலோமீட்டர், அவ்வளவுதான். பவர்லைன் என்கிற செங்குத்துச் சரிவில் இறங்கியதும் தார்ச்சாலை வரும், அங்கே கியர்க்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு 30க்கு மேல் பறப்பார்கள், நீ மிக்ஸி மாதிரி காலைச் சுற்றிக்கொண்டு அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாய். முழுத் தூரத்துக்கும் 12 மணி நேரத்தில் முடிக்க சராசரி 14 கிலோமீட்டர் வேண்டும், தள்ளுகிற நேரத்தையும் இதற்குள்தான் அடக்க வேண்டும்.

அப்புறம் செயின்ட் கெவின்ஸ். முதல் ஏற்றம், கூட்டம் நெருக்கியடிக்கும். முன்னால் போகிறவன் சின்ன கியருக்கு மாற்றி நடை வேகத்துக்கு வந்துவிடுவான், நம்மால் அந்த வேகத்தில் ஓட்டவே முடியாது. ஒன்று அவனைத் தாண்டு, இல்லையென்றால் இறங்கு. காலை ஆறரை மணிக் குளிரில் தம் கட்டி நாலு பேரைத் தாண்டினால் அதற்கான விலையைத் திரும்பி வரும்போது பவர்லைன் ஏற்றத்தில் கொடுப்பாய். நான் கொடுத்தேன்.

முட்டிவலி முருகேசன்:

மேலே அண்ணன் சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 20 பல் அவர் காலுக்குச் சரி. ஹூஸ்டனிலிருந்து நேராக வருகிறவருக்கு 22 போடச் சொல்வேன்.

கணக்கு இதுதான். 32-20இல் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போனால் வண்டி நின்றுவிடும், அப்படியென்றால் குறைந்த வேகமே மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால் 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க மண் பாதையில் 240 வாட் பக்கம் வேண்டும். கடல்மட்டத்தில் அதை அரை மணி நேரம் கொடுக்கிற ஆளாக இருக்கலாம். லெட்வில் ஊரிலேயே காற்றழுத்தம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு, மேலே இன்னும் மோசம். கியர் வண்டியில் மூச்சு வாங்கினால் மெதுவாகப் போகலாம். நமக்கு அந்த வசதி கிடையாது, ஒரே மாதிரி அழுத்து அல்லது இறங்கு.

பவர்லைனும் போகும்போது இறக்கம்தானே என்று சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள். போன வழியிலேயே திரும்பி வர வேண்டும், சுமார் 80 மைல் முடிந்த காலோடு அதே சரிவு, ஆரம்பமே 20 சதவீதத்துக்கு மேல். அங்கே தள்ளித்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் வருகிற சின்னச் சின்ன ஏற்றங்களில் முட்டியைக் காப்பாற்றுவது 22தான். சமதளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போகட்டுமே. எனக்கு இடது முட்டி இன்றைக்கும் மழை வரும்போது சொல்லும்.

கிரீஸ் கை:

பல் சண்டையை நீங்களே போடுங்கள், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். எழுந்து நின்று மிதிக்கும்போது பின்சக்கரம் இடதுபக்கம் இழுபடும், அச்சு நட்டு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் சக்கரம் கோணி, செயின் தொங்கி, கழன்று விழும். ஒரு பந்தயத்துக்கு முந்தைய நாள் கடையில் கொடுத்து மாட்டி வாங்கினேன், முதல் பெரிய ஏற்றத்திலேயே டயர் சட்டத்தில் உரச ஆரம்பித்தது. அன்றிலிருந்து நானே முறுக்குகிறேன். செயின் நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் ஆடினால் போதும். பல்சக்கரம் சரியான வட்டமாக இருக்காது, அதனால் பெடலைச் சுற்றிக்கொண்டே நாலு இடத்தில் தொட்டுப் பாருங்கள். அறுந்த செயினைக் கையாலேயே இணைக்கும் குயிக் லிங்க் ஒன்று, நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், இரண்டும் சட்டைப்பையில்.

பின்னால் பல் கூடினால் இப்போதிருக்கிற செயின் எட்டாமல் போகலாம், புதுச் செயினோடு சேர்த்து இப்போதே மாற்றி ஓட்டிப் பழகுங்கள். முன்னால் சஸ்பென்ஷன் இல்லாததற்கு அகலமான டயரைக் கொஞ்சம் காற்று குறைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கொலம்பைன் இறக்கத்தில் பிரேக் பிடிக்க விரல் இருக்காது. எதிரே ஏறி வருகிற கூட்டமும் அதே பாதையில்தான், அதை மறக்க வேண்டாம்.

சமவெளிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தராசு தூக்கிப் பார்த்து 21 பல் ஆர்டர் போட்டுவிட்டேன், இருவருமே திட்டுவீர்கள் என்று தெரியும். இங்கே தள்ளிப் பழகுவது எப்படி?

பழைய செயின்:

21ஆ, சரி போ. ஆபீஸ் பக்கத்தில் அடுக்குமாடி வண்டி நிறுத்துமிடம் இருக்குமே, அதன் சரிவுப்பாதையில் தள்ளு. வண்டிக்கு இடதுபக்கம் நின்று இடதுகை ஹேண்டில்பாரில், வலதுகை சீட்டில், உடம்பை முன்னால் சாய்த்து. இடது பெடலை முன்னால் திருப்பி வைத்துக்கொள், இல்லாவிட்டால் கெண்டைக்காலைக் கிழித்துவிடும். கார்பன் அடி ஷூ வேண்டாம், ரப்பர் அடியாகப் பார். ஊருக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் போக லீவு கிடைக்காதென்றால் பந்தயத்துக்கு முந்தைய நாள் போய் இறங்கு, நடுவில் நாலைந்து நாள் முன்னால் போவதுதான் மோசம்.

சமவெளிக்காரன்:

நேற்று சாயங்காலம் ஏழு மாடி, ஆறு தடவை. நாலாவது தடவை காவலாளி வந்து பஞ்சரா என்று கேட்டார், பயிற்சி என்றேன். அடுத்த தடவை லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று கைகாட்டிவிட்டுப் போனார்.