பொருள்: பேரிக்கன்றின் தூரில் வரும் கட்டிக்குப் பெயர் வேண்டும்

கொடைக்கானலிலிருந்து:
வணக்கம். பேரி, பிளம்ஸ் கன்று போடுகிறவர்களுக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கிரௌன் கால் (crown gall) என்கிற நோய். தண்டும் வேரும் சேருமிடத்தில் உருண்டு திரண்டு கட்டி வரும். gall என்றால் பித்தம் என்றும் பொருள் இருப்பதால் கணினி ‘கிரீடப் பித்தம்’ என்று மொழிபெயர்த்தது. உருப்படியாக ஒரு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:
மகுடக் கழலை. கழலை நம் மருத்துவத்தில் பழகிய சொல். வேர் பாருங்கள்: வீரன் காலில் பூணுவது கழல், உருண்டையாய் இருப்பது கழற்சிக்காய். செடியின் காலடியில் உருண்டு வருவது கழலை! கபிலர் ‘வேர்க்கோட் பலவின்’ என்றது போல...

கோத்தகிரியிலிருந்து:
புலவர் ஐயா, தலைக்கு மகுடம், காலுக்குக் கழல், இரண்டையும் ஒரே சொல்லில் பூட்டிவிட்டீர்களே! கபிலரின் பலா வேரில் காய்த்தது காய், இது நோய். என் வகுப்பில் மகுடம் என்றால் பிள்ளைகள் செடியின் உச்சியைத்தான் பார்ப்பார்கள். தூர்க்கழலை என்னலாம். வேர்முடிச்சு வேண்டாம், அந்தப் பெயரை நூற்புழுவால் வேரில் வரும் நோய் எடுத்துக்கொண்டது. வேர்முண்டு அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் இயல்பாக இருக்கும் முண்டுக்குப் போயாயிற்று.

சென்னையிலிருந்து:
தூர் என்றால் எங்களுக்குக் கிணற்றுச் சேறு, அக்கா. ‘பாக்டீரியாப் புற்று’ என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

மதுரையிலிருந்து:
பாக்டீரியா தமிழா, தம்பி? கோலுயிரி என்க.

கொடைக்கானலிலிருந்து:
புற்று என்றால் இங்கே கறையானைத் தேடுவார்கள். பெயரில் பாக்டீரியா வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம். அதுதான் காரணம் என்று 1907இல் ஸ்மித்தும் டவுன்சென்டும் காட்டினார்கள், சரி. ஆனால் அது செய்கிற வேலையைப் பாருங்கள். ஒட்டுக்கட்டும் கத்தியோ மண்வெட்டியோ பட்ட காயத்தின் வழியே வந்து, தன் பிளாஸ்மிடிலிருந்து (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) ஒரு துண்டு டி.என்.ஏ.வைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடுகிறது. அப்புறம் அந்தச் செல்லே ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களைக் கணக்கில்லாமல் சுரந்து பெருகுகிறது. போதாததற்கு ஓப்பைன் என்று பாக்டீரியாவுக்குத் தீனியும் ஆக்கிப் போடுகிறது. பாக்டீரியாவைக் கொன்றாலும் கட்டி வளரும். விருந்தாளி போன பிறகும் அவனுக்கே உலை வைக்கிற வீடு. அதனால்தான் மருந்து எதையும் எழுதவில்லை. கட்டியுள்ள கன்றை நடாதீர்கள், கத்தியைச் சுத்தம் செய்யுங்கள், தூரைக் காயப்படுத்தாதீர்கள், அவ்வளவுதான். பார்த்தீர்களா, நானே தூர் என்று எழுதிவிட்டேன்.

மதுரையிலிருந்து:
சரி, தூர்க்கழலை. கழலை நின்றதே போதும். நடுவில் வல்லெழுத்து ‘க்’ மிகும்: வேர்க்கடலை போல.

தாண்டிக்குடியிலிருந்து:
ஐயா, உங்கள் உதாரணமே ஆபத்து. காதில் கடலையாகத்தான் விழும். தூரில் கட்டி, தூர்க்கட்டி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொடைக்கானலிலிருந்து:
நேரமில்லை அண்ணா. பெரும்பான்மை தூர்க்கழலை பக்கம், அனுப்பிவிட்டேன்.

கொடைக்கானலிலிருந்து, திங்கள் மாலை:
மெய்ப்பு வந்தது. தலைப்பிலேயே ‘தூர்க்கடலை நோய்’. தாண்டிக்குடி அண்ணா ஒன்றும் சொல்ல வேண்டாம்.