வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்க, மீட்ட நாய் இரண்டாவதாக வந்தபோது: உங்கள் அனுபவம்

முடிச்சூர்க்காரி

மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வந்தவள் எங்கள் செவலை. வீட்டில் அதற்கு முன்பே ஜூலி, வயசான ஸ்பிட்ஸ். இரண்டும் எப்படிப் பழகின என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். முதலில் உறுமல், சோற்றுத் தட்டில் ஒரு சண்டை, அப்புறம் ஒரே பாயில் தூக்கம். நான் அதைச் சொல்ல வரவில்லை.

தெருநாய்க்குக் கருத்தடை செய்தால் அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டுப் போடுவார்களே, செவலைக்கு அது இல்லை. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, கயிறு அறுத்த தடம் இருந்தது. "உட்காரு" என்றால் உட்கார்ந்தாள். கையை நீட்டினால் முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தாள். தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? யாரோ வளர்த்தவள் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. ஏரியா வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டோம். யாரும் கேட்டு வரவில்லை. சரி, இனி நம் வீட்டுப் பிள்ளை என்று ஊசி போட்டு, கருத்தடை செய்து வைத்துக்கொண்டோம்.

போன மாதம் வழக்கமாகப் போகும் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் இரண்டையும் வரதராஜபுரம் பக்கமாக நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு பச்சை கேட் வந்ததும் செவலை நின்றுவிட்டாள். வால் மட்டுமா, இடுப்போடு சேர்ந்து உடம்பே ஆடுகிறது. தொண்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரலில் ஒரு முனகல். எங்களிடம் ஒருநாளும் அவள் அப்படி முனகியதில்லை. கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்து மண்ணை ஊதுகிறாள். உள்ளே ஒருவர் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவள் கழுத்தில் இருந்த புதுப் பட்டையைப் பார்த்தார். துணியைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலிதான் விடாமல் குரைத்து என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். செவலை அவள் பின்னாலேயே வந்துவிட்டாள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷன். கட்டிப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஏறும்போது ஓடியவர்தானே? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டைத் தட்டியிருப்பீர்களா?

பெரம்பூர் லோகோ

நான் தட்டியிருக்க மாட்டேன். தட்டி என்ன கேட்பது?

எங்கள் வீட்டில் முதலில் வந்தவன் லாப்ரடார், டைகர். முப்பது கிலோவுக்கு மேல் இருப்பான். கருப்பி ரயில்வே குடியிருப்பு ஓரத்தில் கிடந்தவள். டைகர் அவளை ஹாலுக்குள் விடவே இல்லை. நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொள்வான். கடிக்க மாட்டான், குரைக்க மாட்டான், படுத்திருப்பான், அவ்வளவுதான். அவளும் வராந்தாவோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு காலையில் கருப்பி தயிர்சாதத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறம். ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல், பேபீசியா. அந்தக் கிருமி சிவப்பணுக்களைத்தான் உடைக்கும். இரத்தம் ஏற்றியே ஆக வேண்டும் என்றார்கள். வீட்டில் பெரிய நாய் உண்டா என்று டாக்டர் கேட்டார். இரத்தம் கொடுக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ரொம்ப வயசாகியிருக்கக் கூடாது, தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் இருக்கவே கூடாது. டைகரை வரவழைத்துப் பரிசோதித்தார்கள், சுத்தம். மனுஷர்களுக்குப் போல முதல் தடவையே குரூப் பார்த்தாக வேண்டும் என்கிற கட்டாயம் நாய்களுக்குப் பெரும்பாலும் இல்லையாம். அடுத்த தடவை ஏற்றுவதென்றால் கட்டாயம் பொருத்தம் பார்க்க வேண்டும்.

டைகர் கழுத்தில் ஒரு பக்கம் முடியை மழித்து, ஊசியைப் போட்டார்கள். ஸ்டீல் மேஜையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தான். கீழே பையில் இரத்தம் இறங்குகிறது, பையன் ஒருவர் அதை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கிறார். பக்கத்து மேஜையில் கருப்பி. அவள் பின்னங்கால் இவன் மூக்குக்கு எட்டும் தூரம். அவன் அதை மோந்துகொண்டே கிடந்தான், ஊசியை எடுக்கும்வரை.

கருப்பி பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் டைகர் நேராகப் போய் நிலைப்படியில் குறுக்கே படுத்துவிட்டான். இன்றுவரை அவளுக்கு வராந்தாதான். அந்த மேஜையில் அவள் காலை அப்படி மோந்தவன் இவன்தானா என்று எனக்குப் புரியவே இல்லை.

திருச்சி உறையூர்

பெரம்பூர் நண்பரே, கருப்பி பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் உண்ணியோடு வந்த நாயை உடனே வராந்தாவில் விட்டால் முதல் நாய்க்கும் தொற்றும். இதைப் படிக்கும் புதியவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

புது நாயைப் பதினான்கு நாளாவது தனி அறையில், தனித் தட்டு, தனித் துண்டோடு வையுங்கள். நாய்க்கு நாய் தொற்றும் கொடிய வைரஸ் நோய்கள் இரண்டு: பார்வோ பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், டிஸ்டெம்பர் வெளியே தெரிய இன்னும் நாளாகலாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டெட்டாலை நம்பாதீர்கள், பிளீச்சிங் கரைசல்தான் கேட்கும். முதல் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், தவணை தாண்டியிருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டு அப்புறம் புது நாயை அழைத்து வாருங்கள். சொறி இருந்தால் எந்தச் சொறி என்று டாக்டரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டெமோடெக்ஸ் என்றால் பரவாது. சார்கோப்டிக் என்றால் முதல் நாய்க்கும் வரும், உங்கள் கைக்கும் வரும்.

முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மைதானம் ஏதாவது பாருங்கள். ஆளுக்கொரு நாய், பெல்ட் தளர்வாக இருக்க வேண்டும். எதிரெதிரே கொண்டுவராமல், இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பின்பக்கம் மோந்து பார்க்கட்டும், இரண்டு மூன்று நொடியில் கூப்பிட்டு நடையைத் தொடருங்கள். நின்று முறைக்க விட்டால் முடிந்தது கதை. இரண்டும் பெட்டை என்றால் கூடுதல் கவனம், பெட்டைகள் மூர்க்கமாகச் சண்டை போட்டால் சமாதானம் ஆவது கஷ்டம். எலும்பு, கோழிக்கால் இதெல்லாம் சில வாரங்களுக்கு வேண்டாம். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீட்டுப்பிள்ளை ஆகும் என்பது கணக்கு.

எங்கள் வீட்டில் டாஷண்டும் மீட்ட நாட்டு நாயும் கோழிக்காலுக்கு மோதிக்கொண்டபோது தம்பி நடுவில் கையை விட்டான், கட்டைவிரல் கிழிந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சண்டையில் கையை விடாதீர்கள். கனமான போர்வையை மேலே எறியுங்கள், இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீர்.

ஜாபர்கான்பேட்டை 2015

முடிச்சூர்க்காரி அக்கா, "ஓடியவர்தானே" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

2015 டிசம்பர் 1 இரவு படுக்கப் போகும்போது தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். விடிவதற்குள் கீழ் வீடு முழுகிவிட்டது. மொட்டைமாடியில் நாங்கள், நடக்க முடியாத மாமியார், எங்கள் மணி. படகு வந்தது. நாய்க்கு இடமில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த மாடியில் கைக்குழந்தை காத்திருந்தது. என் வீட்டுக்காரர் மணியைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கயிறு போட்டுக் கட்டினார். ஏன் கட்டினார் தெரியுமா? கட்டாவிட்டால் படகுக்குப் பின்னாலேயே குதித்துவிடும். அடையாறு அன்றைக்கு ஓடிய வேகத்தில் நீந்திக் கரையேறுமா? ஒரு குண்டான் சோறும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தோம். படகு தெருமுனை திரும்பும்வரை மணி குரைக்கவே இல்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால் குழாயில் பாதிக் கயிறு. நுனி கடித்துக் கடித்துப் பஞ்சாகியிருந்தது. சோறு அப்படியே இருந்தது. எங்கெல்லாமோ தேடினோம்.

இப்போது எங்களிடம் இரண்டு நாய்கள். முதலாவது, யாரோ வயசாகிவிட்டது என்று விட்டுப்போன பக். இரண்டாவது கோயம்பேடு மார்க்கெட்டில் கிடந்த குட்டி. இரண்டையும் என் வீட்டுக்காரர் இன்றுவரை கட்டிப்போட்டதே இல்லை. வீட்டில் கயிறே வைத்திருக்க மாட்டார். யாராவது ஒரு அம்மா எங்கள் மணியைப் புதுப் பட்டை போட்டு நடத்திக்கொண்டு வந்தால், அவரும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்வார். எந்த முகத்தோடு வந்து பேசுவார்?

போய்ப் பேசுங்கள் அக்கா. திருப்பிக் கொடுக்க வேண்டாம். அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றாவது கேட்டு வாருங்கள்.

சிவகாசி வடக்கு

திருச்சிக்காரர் எழுதியதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறுமல் எச்சரிக்கை என்பது காது கேட்கும் நாய்க்குத்தான். எங்கள் இரண்டாவது, ராஜபாளையம். முழு வெள்ளை, ரோஸ் மூக்கு, பிறவியிலேயே காது கேட்காது. அந்த இனத்தில் இது உண்டு, அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே வருகிற குறை. விற்க முடியாத குட்டி என்று பைபாஸ் ஓரத்தில் விட்டிருந்தார்கள். வளர்த்து விற்பவர்தான் விட்டிருக்க வேண்டும், அந்த வயசுக் குட்டி அவ்வளவு தூரம் தானாக வராது.

மூத்தவன் கோம்பைக் கலப்பு, கருப்பன். அவன் உறுமுவான், இவனுக்கு எங்கே கேட்கும்? நேராகப் போய் அவன் தட்டில் வாயை வைத்துக் கடி வாங்குவான். கொஞ்ச நாளில் கருப்பனே உறுமுவதை விட்டுவிட்டான். முகத்துக்கு நேரே வந்து நின்று உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுவான். உடனே சின்னவன் விலகிவிடுவான். தூங்கும்போது தொட்டால் சின்னவன் திடுக்கிட்டுக் கடிக்க வருவான். அதனால் நாங்கள் தரையைக் காலால் தட்டி எழுப்பினோம். கருப்பன் அதையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் போய்ப் பொத்தென்று விழுந்து எழுப்புவான். மூன்று மாதக் கணக்கெல்லாம் இங்கே செல்லவில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என்னை உலுக்கியது தீபாவளி ராத்திரி. எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும். கருப்பன் ஒவ்வொரு வருஷமும் பாத்ரூமில் வாளிக்குப் பின்னால் ஒண்டி நடுங்குவான், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அந்த வருஷம் பாத்ரூமில் அவனைக் காணோம். தேடினால் மாடிப்படிக்குக் கீழே சின்னவன் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு அயர்ந்து தூங்குகிறான். அவன் வயிற்றுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கருப்பன். வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கும்போது கருப்பன் உடம்பு உதறுகிறது. சின்னவன் விலா மட்டும் சீராக ஏறி இறங்குகிறது. அந்தக் குட்டியை எதற்கும் உதவாது என்று ரோட்டில் விட்டவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிச்சூர்க்காரி

ஜாபர்கான்பேட்டை தங்கச்சி, நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. புயல் முடிந்த பிறகாவது தேடியிருக்கலாமே என்றுதான் இப்பவும் தோன்றுகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நாய்களைக் கூட்டிப்போகவில்லை, என் மகனோடு போகிறேன்.

திருச்சி உறையூர்

அக்கா, தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, அவள் படங்கள் எல்லாம் போனில் இருக்கட்டும். நாளைக்கு என் நாய் என்று யாராவது வந்து நின்றால் இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டது என்று காட்ட வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு, மைக்ரோசிப், போடாவிட்டால் போட்டுவிடுங்கள். சிவகாசி நண்பர் சொன்ன காது விஷயம் எனக்குப் புதிது, குறித்துக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

இங்கே வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், ஒரு நாய்க்குத்தான் அனுமதி. பூனைக்கு 2024 செப்டம்பரில்தான் சட்டப்படி வழி பிறந்தது, இரண்டு வரை வளர்க்கலாம். அதனால் எங்கள் வீட்டில் முதலில் வந்தது பூனை, இரண்டாவது, கலப்பு நாய்களை வீவக வீட்டில் வளர்க்க வழிசெய்யும் அடோர் திட்டத்தில் எடுத்த உள்ளூர்க் கலப்பு நாய். துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் பிறந்தவள். உயர அளவு, கருத்தடை, பயிற்சி வகுப்பு என்று அந்தத் திட்டத்தில் விதிகள் உண்டு, எல்லாம் முடித்தோம்.

நாய் வீட்டுக்குள் சரியாகத்தான் இருந்தாள். லிப்ட்தான் சிக்கல். கதவு திறந்தாலே தரையோடு ஒட்டிக்கொள்வாள். நாங்கள் பதினோராவது மாடி. தினமும் படியில்தான் ஏறி இறங்கினோம். ஒருநாள் லிப்டில் ஒரு சீனத் தாத்தா இருந்தார். எங்களைப் பார்த்ததும் பொத்தானை அழுத்திக் கதவைப் பிடித்தவர், ஒன்றும் பேசாமல், அவளைப் பார்க்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிக் குந்தி உட்கார்ந்துவிட்டார். கதவு பீப் பீப் என்று கத்துகிறது, அவர் பொத்தானை விடவில்லை. அவள் ஒரு கால் வைத்தாள், எடுத்தாள், அப்புறம் மெதுவாக உள்ளே போய் அவர் முதுகை மோந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தாத்தாவை நான் பார்க்கவே இல்லை. எந்த மாடி என்றுகூடத் தெரியாது. நன்றி சொல்லத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பூனைதான் இன்னும் அலமாரி உச்சியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. சாப்பாட்டையும் மேலேயே வைக்க வேண்டியிருக்கிறது. உறையூர் அண்ணா, நாய்க்கு அவ்வளவு எழுதினீர்களே, முதலில் வந்தது பூனை என்றால் என்ன செய்வது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.