பெஸ்டோ கறுத்துப்போகிறது, கசக்கவும் செய்கிறது. எங்கே தவறுகிறது?

மாடித்தோட்டக்காரி (கோயம்புத்தூர்)

வணக்கம். மாடித் தொட்டிகளில் ஸ்வீட் பேசில் தழைத்து வந்திருக்கிறது. பாஸ்தாவில் கலக்கும் இத்தாலியப் பேசில் சட்னியான பெஸ்டோவின் ஒரு சின்னப் புட்டிக்குக் கடையில் கேட்கும் விலையைப் பார்த்த எரிச்சலில் வீட்டிலேயே அரைக்கத் தொடங்கினேன். அரைக்கும்போது நல்ல பச்சை. மேசைக்கு வருவதற்குள் சாணிப் பச்சை. இரவுக்குள் கறுப்பு. போதாக்குறைக்கு அடிநாக்கில் ஒரு கசப்பு. "கஷாயமா அம்மா?" என்று கேட்டுவிட்டு, மகன் பாஸ்தாவுக்கு இட்லிப் பொடி தொட்டுக்கொள்கிறான்.

செய்முறை இதுதான்: இரண்டு கைப்பிடி இலை, முந்திரி, பூண்டு நான்கு பல், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், டப்பாவில் வரும் பார்மசான் தூள், உப்பு. எல்லாவற்றையும் மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு, நைசாகும் வரை ஓட்டுகிறேன். பைன் கொட்டை சேர்க்காததுதான் குறையா? நம்மூர்க் கடையில் சில்கோசா என்று விற்கும் அந்தக் கொட்டையின் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

சட்னிப் பிரியன்

முந்திரி கசக்காது, சந்தேகமே வேண்டாம். அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், கறுக்காது.

பலெர்மோ சமையற்கட்டு

தங்கச்சி, கறுப்பு வேறு, கசப்பு வேறு. இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணினால் மருந்து அகப்படாது. முதலில் சிலவற்றைச் சொல்லுங்கள். இலையைப் பறித்தவுடன் அரைத்தீர்களா, எடுத்து வைத்திருந்தீர்களா? செடி பூத்துவிட்டதா? அந்த எண்ணெயைத் தனியாக ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தீர்களா?

மாடித்தோட்டக்காரி (கோயம்புத்தூர்)

முந்தைய நாள் மாலையில் பறித்துக் கழுவி, டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்திருந்தேன். செடி பூத்திருக்கிறது, விதை எடுக்கலாமே என்று விட்டுவைத்தேன். எண்ணெயை இப்போதுதான் ருசி பார்த்தேன். தொண்டையில் காரி, இருமல் வந்துவிட்டது!

பலெர்மோ சமையற்கட்டு

அவ்வளவும் விளங்கிவிட்டது.

கறுப்பை முதலில் எடுப்போம். பேசில் குளிர் தாங்காத செடி. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் உயிரணுக்கள் சிதைந்து கறுக்கத் தொடங்கும். உங்கள் இலை ஜாருக்குள் போகும் முன்பே பாதி கெட்டிருக்கிறது, அதோடு ஈரமும் சேர்ந்திருக்கிறது. மிச்சத்தை மிக்சி பார்த்துக்கொண்டது. இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பாக்கும். வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வேலைதான். பிளேடு சூடேற ஏற அது விரைவாக நடக்கும். ஆகவே அரைக்கிற அன்றைக்கே பறியுங்கள். முன்கூட்டிப் பறித்தாக வேண்டுமென்றால் தண்டைத் தண்ணீரில் நிறுத்தி வெளியில் வையுங்கள். கழுவினால் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஜாரையும் பிளேடையும் மட்டும் உறைபெட்டியில் குளிரவைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். நைசாக வேண்டாம், கொரகொரப்பாக இருப்பதுதான் அழகு.

கசப்புக்கு நீங்கள் சொன்ன இருமலே சாட்சி. தொண்டையில் காரும் ஆலிவ் எண்ணெயில் பாலிபீனால்கள் என்ற கசப்பூட்டும் சேர்மங்கள் அதிகம். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அது மேன்மையான எண்ணெய்; வேகமாகச் சுழலும் பிளேடில் அகப்பட்டால் கசப்பு மேலோங்கும். பெஸ்டோவின் பிறப்பிடமான ஜெனோவா நகரம் இருக்கும் இத்தாலியின் லிகூரியா மாகாணத்தில் தஜாஸ்கா என்ற சின்ன ஆலிவிலிருந்து எடுக்கும் எண்ணெய் சாதுவானது, அங்கே பெஸ்டோவுக்கு அதைத்தான் விடுவார்கள். உங்கள் ஊரில் காரல் இல்லாத ஆலிவ் எண்ணெய் எது கிடைத்தாலும் போதும். அதையும் ஜாரில் ஊற்றாமல், கடைசியில் கிண்ணத்தில் விட்டுக் கரண்டியால் கலக்குங்கள்.

பூத்த செடியின் முற்றிய இலையும் கசப்பில் பங்காளிதான். ஜெனோவாவின் பிரா பகுதியில் பேசிலைச் சின்னச் செடியாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டி விற்பார்கள். விதைக்கு ஒரு தொட்டியை விட்டுவிட்டு மற்றவற்றில் பூங்கொத்தை உடனே கிள்ளுங்கள்.

நான்கு பல் உள்ளி (பூண்டு) மிக அதிகம். ஜெனோவாக்காரர் கணக்கு 60 முதல் 70 கிராம் இலைக்கு ஒன்று அல்லது இரண்டு பல், 30 கிராம் பைன் கொட்டை, 60 முதல் 80 மி.லி. எண்ணெய். பாற்கட்டியில் (சீஸ்) பார்மிஜானோ, அதாவது அசல் பார்மசான், ஒரு பங்குக்குச் சார்டீனியாவின் பெக்கொரினோ என்ற செம்மறிப்பால் கட்டி அரைப் பங்கு, கல்லுப்பு. முளைவிட்ட உள்ளியானால் நடுவிலுள்ள பச்சை முளையை எடுத்துவிடுங்கள், அதுவும் கசக்கும்.

சட்னிப் பிரியன்

அப்படியானால் என் எலுமிச்சை?

பலெர்மோ சமையற்கட்டு

நொதியை எலுமிச்சை அடக்கும், உண்மை. ஆனால் புளிப்பு பச்சையத்தை மெல்ல மெல்ல மங்கலான ஆலிவ் நிறமாக மாற்றும். உடனே சாப்பிடுவதற்குச் சில துளி விடலாம். ஜெனோவாவில் விடமாட்டார்கள்.

வெந்நீர்க் கட்சி (சென்னை)

இவ்வளவு சிரமம் எதற்கு? கொதிநீரில் இலையைப் பத்து விநாடி முக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரையுங்கள். நொதி செத்துவிடும், நிறம் அப்படியே நிற்கும்.

பலெர்மோ சமையற்கட்டு

நிறம் நிற்கும், வாசனை போய்விடும். பேசிலை வாங்குவதே வாசனைக்காகத்தானே? உறையவைத்துப் பல வாரம் வைத்திருக்கப் போகிறீர்களென்றால் உங்கள் முறை சரி. இன்றிரவுச் சாப்பாட்டுக்கு நான் அதற்கு ஓட்டுப் போட மாட்டேன்.

அம்மிக்கல்

இரண்டு கேள்விகள். அம்மியில் அரைக்கலாமா? பேசிலுக்குப் பதில் எங்கள் கொல்லையில் நிற்கும் திருநீற்றுப்பச்சிலை ஆகுமா?

பலெர்மோ சமையற்கட்டு

தாராளமாக. அங்கேயும் மூல முறை சலவைக்கல் உரலும் மர உலக்கையும்தான். ஜெனோவாவின் துக்காலே மாளிகையில் உரலில் பெஸ்டோ இடிப்பதற்கே உலகப் போட்டி நடத்துகிறார்கள், 2007 முதல். ஆனால் மிளகாய் அரைத்த அம்மி என்றால் பெஸ்டோவிலும் மிளகாய் மணக்கும். அரிசி போட்டு அரைத்துக் கழுவிய பிறகு செய்யுங்கள். முதலில் உள்ளியும் உப்பும், பிறகு கொட்டை, இலை, பாற்கட்டி, கடைசியில் எண்ணெய்.

திருநீற்றுப்பச்சிலையும் ஸ்வீட் பேசிலும் ஒரே இனம். பலூடாவில் போடும் சப்ஜா விதை, இலங்கைத் தமிழர் நாங்கள் கசகசா என்பது, அதிலிருந்துதான் வருகிறது. நாட்டு வகையின் மணம் தூக்கலாக, வேறு மாதிரி இருக்கும். தளிரை மட்டும் எடுத்து, பாதிக்குப் பாதி பசலைக்கீரை சேர்த்தால் நன்றாகவே வரும். கோயில் துளசி வேறு இனம், கிராம்பு வாசனை அடிக்கும். அது வேண்டாம்.

சைவச் சாப்பாடு

இடையில் ஒரு வார்த்தை. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரளவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் என்ற நொதி சேர்க்கிறார்கள்; அதன் விதியே அப்படி. சைவர்கள் சிப்பத்தில் நுண்ணுயிர் ரெனெட் என்று இருக்கிறதா என்று பார்த்து வேறு கடினப் பாற்கட்டி வாங்குங்கள். தூளை விடக் கட்டியாக வாங்கித் துருவுவது மேல்.

வெந்நீர்க் கட்சி (சென்னை)

பைன் கொட்டை பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே. சீனாவிலிருந்து வரும் ஒரு வகையைத் தின்றால், ஓரிரு நாள் கழித்து எதைச் சாப்பிட்டாலும் வாயில் உலோகக் கசப்பு. சிலருக்கு இரண்டு வாரம்கூட நீடிக்கும், தானாகப் போய்விடும். மாடித்தோட்டக்காரி முந்திரியோடு நிம்மதியாக இருக்கலாம்.

பலெர்மோ சமையற்கட்டு

இங்கே சிசிலியில் பைன் கொட்டைக்காக யாரும் அழுவதில்லை. பக்கத்து ஊரான திராப்பனியில் பாதாம், பழுத்த தக்காளி, உள்ளி, கொஞ்சம் பேசில் போட்டு இடிப்பார்கள். சிவப்பாக இருப்பதால் கறுக்கிறதே என்ற கவலையும் இல்லை.

சட்னிப் பிரியன்

நிறைய அரைத்து, மேலே இரண்டு விரல் உயரம் எண்ணெய் நிற்கவிட்டு ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் வருமே?

சைவச் சாப்பாடு

தயவுசெய்து செய்யாதீர்கள். ஊறுகாயைக் காப்பது புளிப்பும் உப்பும். பெஸ்டோவில் இரண்டும் போதாது. எண்ணெய் காற்றை அடைத்துவிடும். பச்சைப் பூண்டோடும் இலையோடும் வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் சொர்க்கம். அதன் நச்சுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. 1985-இல் வான்கூவரில் ஓர் உணவகத்தில், குளிரூட்டாமல் வைத்த பூண்டு எண்ணெயால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். பிரிட்ஜில் மூன்று, நான்கு நாள். அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள்.

சட்னிப் பிரியன்

திகிலாக இருக்கிறது. அலமாரி யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

மாடித்தோட்டக்காரி (கோயம்புத்தூர்)

இன்று செய்து பார்த்தேன். பூக்காத தொட்டியிலிருந்து அப்போதே பறித்த இலை, பூண்டு ஒன்றரைப் பல், காரல் இல்லாத எண்ணெய், குளிர்ந்த ஜார். பச்சை சாப்பிட்டு முடியும் வரை நின்றது. கசப்பு அறவே இல்லை. ஆனால் பாஸ்தாவோடு வாணலியில் கிளறியபோது எண்ணெய் பிரிந்து, பாற்கட்டி நூல் நூலாகத் திரண்டுவிட்டது.

பலெர்மோ சமையற்கட்டு

பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது, தங்கச்சி. கிண்ணத்தில் போட்டு, பாஸ்தா வெந்த நீர் ஒன்றிரண்டு கரண்டி விட்டு இளக்குங்கள். அதில் பாஸ்தாவைக் கொட்டிப் புரட்டினால் போதும். ஜெனோவாவில் அதே பானையில் உருளைக்கிழங்குத் துண்டும் பச்சை பீன்ஸும் சேர்த்து வேகவைப்பார்கள். மாவுச்சத்து நீரில் இறங்கி, பெஸ்டோ நன்றாக ஒட்டும்.

மாடித்தோட்டக்காரி (கோயம்புத்தூர்)

உறையவைக்கும்போது பாற்கட்டியைச் சேர்த்தே அரைக்கலாமா?

பலெர்மோ சமையற்கட்டு

சேர்க்காமல் வையுங்கள். இளகிய பிறகு புதிதாகத் துருவிக் கலந்தால் ருசி கூடுதல்.