இரட்டை நட்சத்திரப் படம்: காற்றின் கலக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

நண்பர்களே, 8 அங்குலத் தொலைநோக்கியில் இரண்டு ஜோடிகளாக நான்கு நட்சத்திரங்கள் கொண்ட எப்சிலான் லைராவைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலுள்ள ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளி 2 ஆர்க் செகண்டுக்குச் சற்று மேல் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). 0.6 ஆர்க் செகண்ட் வரை பிரித்துக் காட்டக்கூடிய கண்ணாடிக்கு இதெல்லாம் சுலபம்தான். ஆனால் சில விநாடி எக்ஸ்போஷர் கொடுத்தால், காற்றின் கலக்கத்தால் ஜோடி ஒரே கட்டியாகிவிடுகிறது.

சரி என்று 10 மில்லி செகண்ட் ஃப்ரேம்களாக வீடியோ எடுத்தேன். பெரும்பாலானவற்றில் நட்சத்திரம் சிறு புள்ளிகளாகச் சிதறித் துள்ளுகிறது. எப்போதாவது ஒன்றில் மட்டும் நடுவட்டமும் அதைச் சுற்றிய மெல்லிய வளையமும் பளிச்சென்று நிற்கின்றன. அவற்றை மட்டும் பொறுக்கி அடுக்க வேண்டும். மென்பொருளோ, இரைச்சல் மிகுந்த ஃப்ரேம்களையும் கூர்மையானவை என்று எடுத்துவிடுகிறது!

நட்சத்திரத்தின் உச்சப் பிரகாசத்தை வைத்துத் தரம் பிரிப்பவர்கள் இருக்கிறீர்களா? சிவப்பு ஃபில்டர் போட்டால் கலக்கம் குறையும், ஆனால் நட்சத்திர வட்டம் பெரிதாகும். இந்த அளவுக் கண்ணாடிக்கு அது லாபமா?

அப்புறம், 1970இல் பிரெஞ்சு வானியலாளர் லாபெரி முன்வைத்த ஸ்பெக்கிள் முறையை (பல குறுகிய எக்ஸ்போஷர்களில் சிதறும் புள்ளிகளைக் கணித ரீதியாக அலசி இடைவெளியைக் கண்டுபிடிப்பது) யாராவது முயன்றதுண்டா? இடைவெளி கிடைத்தாலும், துணை நட்சத்திரம் எந்தப் பக்கம் என்ற 180 பாகைக் குழப்பத்தை எப்படித் தீர்த்தீர்கள்?