ஒரே நாளில் கிராமத்து கிரிக்கெட் மைதானங்கள்: டில்ஃபோர்டிலிருந்து ஹாம்பிள்டன் வரை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை மாதத்தில் என் தந்தையார் மூன்று வாரங்கள் இங்கிலாந்தில் என்னுடன் தங்கவிருக்கிறார். லார்ட்ஸ், ஓவல் இரண்டையும் சென்ற முறையே பார்த்துவிட்டார். இம்முறை, பெரிய அரங்கங்கள் போதும், இந்த ஆட்டம் வளர்ந்த கிராமத்து மைதானங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். ஹாம்பிள்டன் என்ற பெயரை இளமையில் எங்கோ படித்தது முதல் மனத்தில் வைத்திருக்கிறாராம். வயது எழுபத்திரண்டு, சமதளத்தில் மெதுவாக நடப்பார், ஆனால் மேடு ஏறுவதும் நெடுநேரம் நிற்பதும் அவரால் ஆகாது.

என்னிடம் கார் இருக்கிறது. லண்டனின் தென்மேற்குப் பகுதியிலிருந்து காலையில் கிளம்புவோம். டில்ஃபோர்டு, ஹாம்பிள்டன் அருகிலுள்ள பிராட்ஹாஃப்பென்னி டவுன், அருண்டல் கோட்டை மைதானம், செவனோக்ஸ் ஊரின் வைன் மைதானம் ஆகிய நான்கையும் குறித்து வைத்திருக்கிறேன். இவற்றை ஒரே நாளில் பார்க்க முடியுமா? முடியாதென்றால் எவற்றை விடலாம்? முன்பின் அறியாத நாம் இத்தகைய மைதானங்களுக்குள் செல்லலாமா, கட்டணம் உண்டா, எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வணக்கம். நான்கையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வரலாம், பார்க்க முடியாது. செவனோக்ஸ் கெண்ட் பகுதியில், நீங்கள் செல்லும் திசையை விட்டு விலகிக் கிழக்கே இருக்கிறது. அருண்டல் அழகான இடந்தான், ஆனால் கோட்டைப் பிரபு 1895இல் அமைத்த மைதானம் அது. உங்கள் தந்தையார் கேட்கும் ஊர்ப் பொது மைதானத்தின் இயல்பு அதற்கு இல்லை. ஆகவே முற்பகலில் டில்ஃபோர்டு, பிற்பகலில் பிராட்ஹாஃப்பென்னி டவுன் என்று இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

டில்ஃபோர்டு, சர்ரே பகுதியில் ஃபார்ன்ஹாம் ஊருக்கு அருகில், வே ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஊர் நடுவிலுள்ள புல்வெளியே மைதானம். அது நன்றாகச் சரிந்து கிடப்பதைக் காரிலிருந்து இறங்கியதுமே காண்பீர்கள். மேல்புறம் அடித்த பந்து பாதியில் தளர்ந்து நிற்க, அதே வலுவில் கீழ்ப்புறம் அடித்தது தானாகவே எல்லைக்கோட்டைக் கடப்பதைப் பார்த்தால், உள்ளூர் ஆட்டக்காரருக்கு ஏன் சொந்த மண் பலம் என்பது விளங்கும். ஓரத்தில் இருக்கும் பார்லி மோ என்ற மதுக்கூடத்தைப் பின்னாளில் நடத்தியவர் ‘சில்வர் பில்லி’ என்று அழைக்கப்பட்ட வில்லியம் பெல்டம். 1766இல் ஃபார்ன்ஹாம் அருகே பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த ஹாம்பிள்டன் அணியின் கடைசித் தலைமுறையில் ஆடி, 1862இல் இதே டில்ஃபோர்டில் மறைந்தவர். நீங்கள் செல்லும் இரு ஊர்களையும் இணைப்பவர் அவரே என்பதால், பயணத்தை இங்கே தொடங்குவதுதான் பொருத்தம்.

அங்கிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பீட்டர்ஸ்ஃபீல்டு வரும். மட்டையும் பந்தும் செய்து விற்ற, ஹாம்பிள்டன் அணியின் சிறந்த மட்டையாளர் ஜான் ஸ்மால் வாழ்ந்த ஊர் அது. 1775 மே மாதத்தில் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் அவர் ஆடியபோது, ‘லம்பி’ ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மூன்று முறை இரண்டு ஸ்டம்புகளுக்கும் நடுவே புகுந்து போயிற்று; அந்நாளில் நடு ஸ்டம்ப் கிடையாது. குச்சியும் சாயவில்லை, ஆட்டக்காரரும் வெளியேறவில்லை. இது பந்துவீச்சாளருக்கு அநீதி என்ற பேச்சு எழுந்ததன் விளைவாகவே மூன்றாவது ஸ்டம்ப் வந்தது. காரிலேயே இந்தக் கதையைத் தந்தையாருக்குச் சொல்லிவிடுங்கள். பிறகு மைதானத்தில் ஸ்டம்பைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

பிராட்ஹாஃப்பென்னி டவுன் ஹாம்பிள்டன் ஊருக்குள் இல்லை. சற்றுத் தொலைவில், சுண்ணாம்புப் பாறை மேட்டின் மேல் இருக்கிறது. (‘டவுன்’ என்பது இங்கே இறக்கத்தைக் குறிப்பதன்று, குன்றைக் குறிக்கும் பழஞ்சொல்லின் வழி வந்தது.) மேட்டின் மேல் வரை கார் செல்லுமாதலால் தந்தையாருக்குச் சிரமம் இராது. எதிரே இருக்கும் பேட் அண்ட் பால் விடுதியை ஒரு காலத்தில் நடத்தியவர் ஹாம்பிள்டன் அணித்தலைவர் ரிச்சர்டு நைரன். சாலையோரத்தில் 1908இல் நாட்டிய நினைவுக்கல் நிற்கிறது. 1771இல் செர்ட்சி அணியின் தாமஸ் வைட் ஸ்டம்புகளையே மறைக்கும் அகல மட்டையுடன் வந்ததைக் கண்டு, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டவர்கள் ஹாம்பிள்டன் அணியினரே. இன்றும் விதியில் அதே அளவுதான் இருக்கிறது. பிற்காலத்தில் ஹாம்பிள்டன் சங்கம் ஊருக்கு அண்மையிலுள்ள விண்ட்மில் டவுனுக்கு மாறியது. மேட்டில் நின்று காற்றை வாங்கினால் காரணத்தை ஊகிக்கலாம். ஜூலையானாலும் தந்தையாருக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் மறுமொழி

நடைமுறை பற்றி மட்டும் சொல்கிறேன். கிராமத்து ஆட்டங்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை; யாரும் வந்து பார்க்கலாம். ஆனால் ஆட்டம் இல்லாத நாளில் சென்றால் புல்லை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே சங்கங்கள் வெளியிடும் ஆட்ட அட்டவணையைப் பார்த்த பிறகே நாளை முடிவு செய்யுங்கள். முந்திய நாள் மழை பெய்திருந்தால் ஆட்டம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் லீக் ஆட்டங்கள் நடக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் நட்பு ஆட்டங்கள். எதுவானாலும் நண்பகலுக்கு முன் தொடங்குவது அரிது என்பதால், முதல் மறுமொழியில் சொன்னபடி முற்பகலில் டில்ஃபோர்டு சென்றால் ஆட்டம் கிடைக்காது. அங்கே நிலத்தைப் பார்த்துவிட்டு, முழு ஆட்டத்தையும் பிராட்ஹாஃப்பென்னியில் பாருங்கள்.

எல்லைக்கோட்டைச் சுற்றி நடக்கலாம்; ஆனால் பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால், மட்டையாளரின் பார்வை படும் இடத்தில், ஓவர் முடியும் வரை நகரக்கூடாது. இடைவேளையில் வெளிப்புலத்தில் கால் வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள் என்றாலும், நடுவிலுள்ள ஆடுகளப் பகுதியை மிதிக்கவே வேண்டாம். வாரமெல்லாம் யாரோ ஒருவர் ஊதியமின்றி உருளை இழுத்துப் பேணிய நிலம் அது. காரைச் சிக்ஸர் விழும் தொலைவில் நிறுத்தாதீர்கள். மடக்கு நாற்காலி ஒன்று கட்டாயம் வேண்டும். எல்லா மைதானங்களிலும் பெஞ்சு இருப்பதில்லை.

மூன்றாம் மறுமொழி

செவனோக்ஸை இவ்வளவு எளிதில் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ஹாம்பிள்டன் ஆட்டக்காரர்களின் புகழ்பெற்ற வெற்றிகளுள் ஒன்று அந்த வைன் மைதானத்தில்தான் கிடைத்தது. 1777 ஜூனில் அங்கே இங்கிலாந்து அணியை இன்னிங்ஸ் மற்றும் 168 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். ஜேம்ஸ் அய்ல்வர்டு தனியொருவராக 167 ஓட்டங்கள் எடுத்தார். ஓட்டமெடுக்க அரும்பாடுபட்ட அந்தக் காலத்து ஆடுகளங்களில் அது எத்தகைய உழைப்பு என்பதை உங்கள் தந்தையார் உணர்வார். 1773இல் டோர்செட் பிரபு அந்த நிலத்தை ஊருக்கே கொடுத்துவிட்டார். பெவிலியனுக்காகச் சங்கம் நகர மன்றத்துக்கு ஆண்டு வாடகையாகத் தர வேண்டியது ஒரே ஒரு மிளகு. கேட்டால், மன்றம் பிரபுவின் குடும்பத்துக்கு ஒரு கிரிக்கெட் பந்து தர வேண்டும். ஒரே நாளில் சேர்க்க முடியாது என்பது உண்மை. மூன்று வாரங்கள் இருக்கின்றனவே. இன்னொரு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

ஜூலை 25ஐ ஒட்டி அவர் இங்கே இருப்பாரானால், மேற்கு சசெக்ஸின் எபர்னோ என்ற சிற்றூரையும் எண்ணிப் பாருங்கள். கொம்புத் திருவிழா என்ற பெயரில் அங்கே ஆண்டுதோறும் கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது. வென்ற அணியில் அதிக ஓட்டம் எடுத்தவருக்கு ஆட்டுக் கொம்புகளைப் பரிசாகத் தருவார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. சென்ற ஞாயிறு சென்று வந்தோம். டில்ஃபோர்டில் முற்பகலில் யாரும் இல்லை. அப்பா சரிவின் மேல் முனையில் நாற்காலி போட்டு, இந்தச் சரிவில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரை எந்தப் பக்கமிருந்து வீசச் சொல்வது என்று அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தார். பிராட்ஹாஃப்பென்னியில் ஒரு நட்பு ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை பார்த்தோம். காற்று நீங்கள் சொன்னது போலவே இருந்தது. கம்பளிச் சட்டை பயன்பட்டது. ஆட்டம் முடிந்ததும் அவரே எழுந்து சாலையோரத்துக்குச் சென்று நினைவுக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். நான் எதுவும் பேசவில்லை. வரும் சனிக்கிழமை செவனோக்ஸுக்கு ரயிலில் செல்கிறோம். நிலையத்திலிருந்து மைதானம் வரை மேடு உண்டா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

மேடு உண்டு, அப்பாவை நடக்கவிட வேண்டாம், நிலைய வாசலிலேயே டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள்.