இசட்3 பின் டயர் உள் ஓரம் மட்டும் தேய்கிறது: ஷாக் அப்சார்பர் மாற்றினால் சரியாகுமா?

வளைவுப்பிரியன்:
ஜெர்மனியில் இருக்கிறேன். வண்டி 1999 பிஎம்டபிள்யூ இசட்3 2.8. முன்பு வைத்திருந்தவர் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியை இறக்கியிருக்கிறார். பின் டயர் இரண்டிலும் உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது. வெளி ஓரத்தில் பட்டன் அப்படியே இருக்கிறது. ஈரச் சாலையில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கிறது. நண்பரின் இ36 328-இல் (தொண்ணூறுகளின் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்) இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் ஒரே குடும்பம்தானே?

மழைச்சாலை:
கெட்டியான ஷாக் போட்டுப் பாருங்கள் ப்ரோ.

ஸ்பானர்:
ஷாக் மாற்றினால் டயர் தேய்வது நிற்காது. முன்பக்கம்தான் இரண்டும் ஒரே குடும்பம். இசட்3-க்குப் பின்னால் வந்தது அதற்கு முந்தைய 3 சீரிஸான இ30-இன் செமி-ட்ரெய்லிங் ஆர்ம். 328-இல் இருப்பது 1989 இசட்1-இல் அறிமுகமான மல்டிலிங்க், அதாவது பல ஆர்ம்கள் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு.

உங்கள் வண்டியில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய ஆர்ம். சாய்ந்த கீலில் மாட்டிய கதவு போல, சப்ஃபிரேமில் (ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) இரண்டு புஷ்களில் (ரப்பர் வளையங்கள்) அசைகிறது. சக்கரம் மேலே ஏறினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) சேர்ந்தே மாறும். வண்டியை இறக்கியதால் சக்கரம் எப்போதும் அந்த நிலையிலேயே, மேல்பக்கம் உள்ளே சாய்ந்தபடி நிற்கிறது. உள் ஓரம் தேயாமல் என்ன செய்யும்?

காலை எடுக்கும்போது நடப்பது வேறு. எஞ்சின் பிடிப்பு சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும். புஷ் தளர்ந்திருந்தால் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். வளைவில் பாரம் தாங்குவதே வெளிச் சக்கரம்தான், அதுதான் ஆபத்து. போர்ஷே 928-க்கு வைசாக் ஆக்சில் வடிவமைத்ததே இதற்காகத்தான்: காலை எடுத்தால் சக்கரம் சற்று உள்ளே திரும்பும். 328-இல் ஒரு ட்ரெய்லிங் ஆர்ம், அதோடு மேலும் கீழுமாகக் குறுக்கு ஆர்ம்கள். கேம்பர் தனி, டோ தனி. இரண்டையும் தனித்தனியே சரிசெய்யலாம். உங்களுடையதில் கம்பெனி அந்த வசதி தரவில்லை. முதலில் புஷ்ஷைப் பாருங்கள்.

வளைவுப்பிரியன்:
நெம்பிப் பார்த்தேன் அண்ணா. இடது உள் புஷ்ஷில் ரப்பர் விண்டு, ஆர்ம் நன்றாகவே நகர்கிறது. எக்சென்ட்ரிக் புஷ் (துளை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும், திருப்பினால் கோணம் மாறும்) போடலாமா?

ஸ்பானர்:
தினசரி ஓட்டும் வண்டி என்றால் பழைய உயரத்து ஸ்பிரிங்கும் புது ரப்பர் புஷ்ஷும் போதும். இறக்கியே வைப்பதென்றால் எக்சென்ட்ரிக் போடுங்கள், ஆனால் அதில் கேம்பரைத் தொட்டால் டோவும் கொஞ்சம் நகரும். மாற்றி மாற்றிப் பார்க்கப் பொறுமை வேண்டும். நான்கு புஷ்ஷும் சேர்த்து மாற்றுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். அலைன்மென்ட் பார்க்கும்போது சீட்டில் எடை வைக்கச் சொல்லுங்கள், பிஎம்டபிள்யூ முறையே அதுதான். அதுவரை மழையில் அந்த டயரோடு ஓட்டாதீர்கள்.